பூஜ்ஜியம் வாங்கிய வகுப்பறை

இந்த விழாவின் தலைமை இருக்கைக்கு அழகு சேர்க்கும் பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே! இடப்புறம் வீற்றிருந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஓவிய ஆசிரியர் அவர்களே! அறிவால் மூத்தோரே, அகவையால் மூத்தோரே, இரண்டாலும் மூத்தும் இடம் கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் பெரியோரே! பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, கிளப்பி, வாசல்வரை வந்து வழியனுப்பி, மாலையில் "இன்னிக்கு என்ன நடத்தினாங்க?" என்று கேட்டு, "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதிலை ஆண்டுக்கணக்காய் வாங்கிக்கொண்டிருக்கும் அன்புத் தாய்மார்களே! மாணவச் செல்வங்களே! அதிலும் எட்டாம் வகுப்பே! உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஏன் தனியாக என்பது போகப் போகத் தெரியும். கைதட்டாதீர்கள். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள்: 'விரல்நுனியில் கியூஆர் கோடு, விண்ணளவில் மாணவர் ஈடுபாடு.' அழைப்பிதழில் தங்க எழுத்தில் மின்னுகிறது. விரலைப் பற்றியும் விண்ணைப் பற்றியும் பேச எனக்குத் தகுதியில்லை. நடுவில் இருக்கிறதே ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம், அதைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை இந்தப் பள்ளிக்குள் கொண்டுவந்தவன் நான். என்னை இங்கே எல்லோரும் கம்ப்யூட்டர் தம்பி என்பார்கள். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் கம்ப்யூட்டர் தம்பி, கழிவறைக் கதவு சிக்கினாலும் கம்ப்யூட்டர் தம்பி.

என் பின்னால் இருக்கும் திரையைப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் கட்டங்களை எத்தனை முறை ஸ்கேன் செய்தார்கள் என்ற கணக்கு அது. ஆறாம் வகுப்பு வரலாறு: நாலாயிரத்து இருநூற்று ஐந்து. ஏழாம் வகுப்பு கணக்கு: மூவாயிரத்துத் தொள்ளாயிரம். கண்ணைப் பறிக்கும் எண்கள், காதைக் குளிர்விக்கும் எண்கள், இதோ இந்த மேசைமேல் இருக்கும் 'மாணவர் ஈடுபாட்டில் முதலிடம்' என்ற கேடயத்தை வாங்கித் தந்த எண்கள்! அவற்றின் நடுவே ஒரு வரி. எட்டாம் வகுப்பு அறிவியல்: பூஜ்ஜியம்.

அந்தப் பூஜ்ஜியத்துக்குச் சொந்தக்காரர் மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். எட்டாம் வகுப்பின் அறிவியல் ஆசிரியை. ஆசிரியர் அறையில் அவருக்கு இப்போது பெயரே மாறிவிட்டது. ஜீரோ டீச்சர். தாளாளர் ஐயாவின் முன்னால் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு கடிதம். விழா முடிந்ததும் ஐயா அதில் கையெழுத்திடுவார். நாளை முதல் அந்த ஆசிரியை வகுப்புக்குப் போக வேண்டாம், அலுவலகத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதினால் போதும். காரணம், மாணவர் ஈடுபாட்டை உண்டாக்கத் தவறியமை. 'மேற்கண்ட எண்கள் சரியானவை' என்று அடியில் ஏற்கெனவே ஒருவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். படிக்காமல் போட்டான், நின்றுகொண்டே போட்டான், கையில் தேநீர்க் கோப்பையோடு போட்டான். அவன் யார் என்று தேடாதீர்கள். அவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறான்.

தலைமை ஆசிரியர் எழுந்திருக்கிறார். உட்காருங்கள் ஐயா. இன்னும் எட்டு நிமிடம் எனக்கு உரிமையானது.

இந்த எண்கள் எப்படி வந்தன? சொல்கிறேன்.

கட்டங்களை நான் அச்சடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று. மாணவன் கைபேசியைக் காட்டினால் படம் வரும், பாடம் வரும், கேள்வி வரும். எளிய ஏற்பாடு. அதை என்ன செய்தார்கள் தெரியுமா? பொக்கிஷம் என்றார்கள். பொக்கிஷத்தைச் சும்மா ஒட்டலாமா? சட்டம் போட வேண்டும் என்றார்கள். தச்சரை வரவழைத்தார்கள். மெருகேற்றிய மரச்சட்டம், மேலே கண்ணாடி. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். எந்தக் கட்டத்தையும் எந்தக் கைபேசியும் படிக்கவில்லை.

"அண்ணே, இதோட மூலையில பெரிய சதுரம் மூணு இருக்குமே, எங்க?"

"அதுவா தம்பி? பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. மூணு மூலையில இருக்கு, நாலாவது மூலையில இல்ல. எனக்கு மனசு ஒப்பல. அதான் சட்டத்தை உள்ள தள்ளி மறைச்சிட்டேன். இப்ப எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க!"

அந்த மூன்று சதுரங்கள்தாம் கட்டத்தின் கண்கள். அவற்றை வைத்துத்தான் எது மேல், எது கீழ் என்று கைபேசி கண்டுகொள்கிறது. கண்ணை மூடிவிட்டு முகத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறார் மனிதர்! தச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அதை ஏழடி உயரத்தில் மாட்டச் சொன்ன தலைமை ஆசிரியர் மேல் கோபம் உண்டு. கேட்டேன்.

"சார், இவ்வளவு உயரத்துல இருந்தா பசங்களுக்கு எப்படி எட்டும்?"

"எட்டக் கூடாதுன்னுதானேப்பா அங்க மாட்டினோம். எட்டினா கிறுக்கி வெச்சிடுவாங்க."

"சரி சார். எட்டினாலும் எதை வெச்சு ஸ்கேன் பண்ணுவாங்க? போன் கொண்டுவரக் கூடாதுன்னு வாசல்ல போர்டு இருக்கே?"

"ஆமா, கண்டிப்பா கொண்டுவரக் கூடாது. ஒழுங்கு முக்கியம்."

"அப்ப யாரு சார் ஸ்கேன் பண்றது?"

"அதுக்குத்தான் டீச்சர்ஸ் இருக்காங்களே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எட்டாத உயரத்தில், எடுக்கக் கூடாத கைபேசிக்கு, தெரியாத கட்டத்தைக் காட்டி, இல்லாத ஈடுபாட்டை எண்ணச் சொன்னால் எந்தக் கருவிதான் என்ன செய்யும்? கருவியை விடுங்கள். மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு நூறு ஸ்கேன் என்று ஓர் உத்தரவு போனது. ஒருநாள் மதியம் பிரிண்டரைப் பார்க்க ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். வரலாற்று ஆசிரியை வலக்கையால் சாப்பிடுகிறார். இடக்கையில் கைபேசி. சாப்பாட்டு டப்பாவின் மூடியில் சட்டம் போடாத ஒரு கட்டத்தை ஒட்டி வைத்து, காட்டுகிறார், எடுக்கிறார், காட்டுகிறார், எடுக்கிறார்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"ஈடுபாடு."

"என்னது?"

"இன்னும் பதினெட்டு பாக்கி இருக்கு தம்பி. பேசாத, எண்ணிக்கை விட்டுப்போயிடும்."

"நீங்க எண்ண வேணாம் மேடம். அதுவே எண்ணிக்கும்."

"அப்படியா? இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் கொழம்பாவது ஒழுங்கா ஊத்திச் சாப்பிட்டிருப்பேனே!"

மேடம் இங்கேதான் இருக்கிறார். முகத்தை மறைக்காதீர்கள் மேடம், உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அறுபது விடைத்தாள் திருத்திவிட்டு, நூறு முறை கைபேசியைக் காட்டு என்றால் ஒரு மனுஷி என்ன செய்வார்? குறை என்னுடையது. எத்தனை முறை என்று எண்ணும் கருவியைச் செய்தேன். யார் என்று கேட்கும் கருவியைச் செய்யவில்லை. எதற்கு என்று கேட்கும் கருவியை எவனாலும் செய்ய முடியாது.

உச்சக்கட்டம் இன்னும் வரவில்லை. சென்ற மாதம் மழையால் பள்ளிக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்களே, நினைவிருக்கிறதா? வகுப்பறைகள் பூட்டியிருந்தன. வாசல் பூட்டியிருந்தது. இந்தத் திரையைத் திறந்து பார்க்கிறேன், அந்த மூன்று நாளில்தான் மாணவர் ஈடுபாடு ஆண்டின் உச்சத்தைத் தொட்டிருக்கிறது! மாணவனே இல்லாத பள்ளியில் மாணவர் ஈடுபாடு! அன்றே நான் கூச்சல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அறிக்கையை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். கேடயம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

என்னம்மா? பின்வரிசையில் கேட்கவில்லையா? கேட்காமலிருக்கும் வரை நல்லது என்று மேடையில் சிலர் நினைக்கிறார்கள். உரக்கவே பேசுகிறேன்.

இனி எட்டாம் வகுப்புக்கு வருகிறேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் அங்கே போனேன். எதற்குப் போனேன்? பாராட்டவா? இல்லை, சண்டை போடப் போனேன்! ஊரே நூறு நூறாய்க் குவிக்கும்போது ஒருவர் மட்டும் ஒன்றுகூடச் செய்யவில்லை என்றால் என் கருவிக்கு அவமானம் அல்லவா? வேகமாய்ப் போய்க் கதவைத் தள்ளினேன். வகுப்பில் ஒருவர்கூட இருக்கையில் இல்லை. பத்துப் பேர் தரையில் குப்புறப் படுத்து மேசைக்கு அடியில் பார்க்கிறார்கள். ஐந்து பேர் மின்விசிறிச் சுவிட்சைச் சுற்றி நின்று கத்துகிறார்கள். ஆசிரியை ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார். மரச்சட்டம் இல்லை. கண்ணாடி இல்லை. சாதாரணத் தாளில் அச்சடித்த சின்னச் சின்னக் கட்டங்கள், முழங்கால் உயரத்தில், அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், குடிநீர்க் குழாயின் கழுத்தில். மூலையில் ஒட்டிய ஒன்று பாதி நனைந்து கிழிந்திருந்தது.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு மாணவியின் கையில் ஒரு பழைய கைபேசி. திரையில் குறுக்கே விரிசல். அந்த வகுப்பு முழுமைக்கும் அது ஒன்றுதான். ஆசிரியை தம் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்து போட்டது. நான் என் கைபேசியை எடுத்தேன். அவள் தடுத்தாள்.

"அண்ணா, இடையில நுழையாதீங்க. வரிசையில வாங்க."

"என்கிட்டதான் போன் இருக்கே, நானே படிச்சுக்கிறேன்."

"தனியா படிக்கக் கூடாது. ஒருத்தர் சத்தமா படிக்கணும், மத்தவங்க சண்டை போடணும். அதான் எங்க ரூல்."

"சண்டையா? எதுக்கு?"

"பதில் யாருக்கும் தெரியாதே! சண்டை போடாம எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?"

குழாயின் கழுத்தில் இருந்த கட்டத்தைப் படித்தாள். 'இந்தக் குழாய் சொட்டுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை வாளி வீணாகும்? ஒரு குவளையும் ஒரு கடிகாரமும் மட்டும் போதும்.' அவ்வளவுதான். பதில் இல்லை, படம் இல்லை, பாட்டு இல்லை. பிள்ளைகள் குவளை வைத்துப் பிடித்தார்கள், பெருக்கினார்கள், தப்பாய்ப் பெருக்கியவனை மற்றவர்கள் வறுத்தெடுத்தார்கள். இரண்டு வாளி என்று முடிவு கட்டினார்கள். அதோடு விட்டார்களா? குழாய்க்காரரைத் தேடிப் போய்க் கணக்கைக் காட்டி அழைத்து வந்தார்கள். ஆறு மாதமாய் அலுவலகத்தில் மனுக் கொடுத்தும் நிற்காத சொட்டு அன்றைக்கு நின்றது. அவர் போகும்போது சொன்னாராம், "கம்ப்ளெயிண்ட் நிறைய வரும்மா. கணக்கோட வந்தது இதான் முதல் தடவை."

ஆண்டு தொடங்கிய சில வாரங்களிலேயே ஆசிரியை கேள்வி எழுதுவதை நிறுத்திவிட்டாராம். பிள்ளைகளே எழுதத் தொடங்கிவிட்டார்கள். விதி ஒன்றே ஒன்று. புத்தகத்தைப் புரட்டி விடை சொல்லக் கூடிய கேள்விக்குக் கட்டம் கிடையாது. கையால் தொட்டு, அளந்து, முட்டி மோதிக் கண்டுபிடிக்க வேண்டிய கேள்வியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வரிசையில் ஓர் அப்பா கேட்கிறார், "அப்புறம் ஏன் தம்பி பூஜ்ஜியம்?" அருமையான கேள்வி ஐயா! இந்தப் பள்ளியில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

ஒரு கட்டத்துக்குள் இரண்டு விதமாய்ச் செய்தி வைக்கலாம். ஒன்று, இணைய முகவரியை வைப்பது. ஸ்கேன் செய்தால் கைபேசி இணையம் வழியாக என் சர்வருக்கு வரும், நான் ஒன்று என்று எண்ணிக்கொள்வேன். மற்றொன்று, எழுத்தையே கட்டத்துக்குள் அடைத்துவிடுவது. அதைப் படிக்க இணையம் வேண்டாம், சிம் வேண்டாம், என் சர்வர் வேண்டாம், நானும் வேண்டாம்! எட்டாம் வகுப்பின் கட்டங்கள் அத்தனையும் இரண்டாவது வகை. அவர்கள் பத்தாயிரம் முறை படித்தாலும் என் திரைக்குத் தெரியாது.

இன்னும் கேளுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் இந்த ஆசிரியை என்னிடம் வந்து கேட்டிருக்கிறார். "தம்பி, அந்தப் பழைய போன்ல நெட் இல்ல. எழுத்தையே உள்ள வைக்க முடியுமா?" நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "முடியும் மேடம், அதுக்கு ஃப்ரீயா ஆயிரம் ஆப் இருக்கு, போட்டுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு மறந்திருக்கிறேன். மறந்துவிட்டுப் பூஜ்ஜியம் என்று எண்ணியிருக்கிறேன். எண்ணிவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வழியைச் சொன்னவன் நான், அந்த வழியில் போனதற்காகத் தண்டனைக்குச் சாட்சி சொன்னவனும் நான்! படித்த முட்டாளுக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

போன வாரமே தலைமை ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் சரிப்பா, ஆனா நம்பர் வரலையே?" என்றார். மறுபடி சொன்னேன். "புரியுதுப்பா, ஆனா நம்பர்?" என்றார். மூன்றாம் முறை சொன்னேன். "விழா முடியட்டும்" என்றார். விழா முடிந்தால் கடிதம் போய்விடும். ஆகவே விழாவிலேயே சொல்கிறேன்.

சொல்வதைவிடக் காட்டுவது மேல். அவையோரே, உங்கள் முன்னால் இருக்கும் நாற்காலியின் முதுகைப் பாருங்கள். ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலில் இருக்கும். இன்று காலை எட்டாம் வகுப்பு மாணவர்கள் முந்நூறு ஒட்டினார்கள். தாளாளர் ஐயா, உங்களுக்கு உரியது கேடயத்தின் அடியில் இருக்கிறது. தூக்கித்தான் எடுக்க வேண்டும். கைபேசிகளை எடுங்கள். ஆமாம் அம்மா, இங்கே எடுக்கலாம், இன்றைக்கு நான் அனுமதிக்கிறேன். சில கைபேசிகள் இணையத்தில் தேடவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கே, யாராவது ஒருவர் சத்தமாய்ப் படியுங்கள். அதுதான் விதி.

நன்றி அக்கா. எல்லோருக்கும் கேட்டதா? 'உங்கள் நாற்காலியின் இரும்புக் கையைத் தொடுங்கள். பிறகு மரப்பலகையைத் தொடுங்கள். எது அதிகம் சில்லென்று இருக்கிறது? நேற்று மாலையிலிருந்து இரண்டும் இதே அறையில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் எப்படி?'

தொடுங்கள்! வெட்கப்படாதீர்கள்!

அதோ, அந்த அம்மா "இரும்புதான்" என்கிறார். பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்காரர் "இரும்புன்னா சில்லுன்னுதான் இருக்கும், இதுல என்ன கேள்வி" என்கிறார். "அதான் ஏன்னு கேக்குறாங்க" என்று மகள் மடக்குகிறாள். பின்னால் ஒருவர் காற்று படுவதால் என்கிறார். "மரத்துல மட்டும் காத்து படாதா மாமா?" என்று யாரோ கேட்கிறார்கள். தச்சர் அண்ணன் எழுந்துவிட்டார், மரத்தைப் பற்றி அவரிடம் வாய் கொடுக்காதீர்கள்! தாளாளர் ஐயாவின் நாற்காலிக்கு மெத்தை, அதனால் ஓவிய ஆசிரியரின் நாற்காலிக் கையைத் தொட்டுப் பார்க்கிறார். ஓவிய ஆசிரியர் கடிகாரத்தை மறந்தேவிட்டார். வாழ்க!

இப்போது திரும்பி என் திரையைப் பாருங்கள். முந்நூறு பேர். முந்நூறு கட்டம். இத்தனை இரைச்சல், இத்தனை வாக்குவாதம், இத்தனை ஈடுபாடு! எட்டாம் வகுப்பின் வரியில் என்ன இருக்கிறது? சேர்ந்து சொல்லுங்கள். பூஜ்ஜியம்! இன்னும் உரக்க. பூஜ்ஜியம்! இந்தப் பூஜ்ஜியத்துக்காகத்தான் ஓர் ஆசிரியையை வகுப்பிலிருந்து எழுப்பி அலுவலகத்தில் உட்கார வைக்கப் போகிறோம். நாலாயிரம் வாங்கிய டப்பா மூடியைக் கொண்டாடிவிட்டு, உயிரோடு சத்தம் போடும் ஒரு வகுப்பறையைப் பூட்டப் போகிறோம். என் கையெழுத்தை இந்த அவையின் முன்னால் திரும்பப் பெறுகிறேன். எண்கள் தவறு. எண்ணியவன் தவறு.

ஐயா மைக்கைக் கேட்கிறார். இந்தாருங்கள் ஐயா.

"அதெல்லாம் அப்புறம் பேசுவோம் தம்பி. இதுக்குப் பதில் என்ன? அதைச் சொல்லு முதல்ல."

எனக்குத் தெரியும் ஐயா. சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பின் விதி அப்படி. நாளைக்கு அவர்களின் அறிவியல் வகுப்பில் இதே கேள்விதான். அங்கே போய்ச் சண்டை போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஆசிரியை இருந்தால்.

"எத்தனை மணிக்கு அந்த கிளாஸ்?"

கேட்டீர்களா எட்டாம் வகுப்பே? பதில் சொல்லுங்கள்!

"ரெண்டாவது பீரியட் சார்! லேட்டா வந்தா வரிசையில கடைசிதான்!"

ஐயா தலையாட்டுகிறார். வருவாராம். நீலக் கோப்பை மூடிவிட்டார். மூடியது போதாது ஐயா. நாளைக்கு வரும்போது அந்தக் கடிதத்தையும் கொண்டு வாருங்கள். அதன் பின்பக்கம் வெறுந்தாள்தான். அடுத்த கேள்வியை அச்சடிக்க எட்டாம் வகுப்புக்குத் தாள் தட்டுப்பாடு.

மைக்கைப் பிடுங்காமல் பொறுத்த தலைமை ஆசிரியருக்கு நன்றி. டப்பா மூடியோடு வந்து மன்னித்துச் சிரிக்கும் வரலாற்று ஆசிரியைக்கு நன்றி. இன்னும் நாற்காலியைத் தடவிக்கொண்டிருக்கும் பெற்றோர் பெருமக்களுக்கு நன்றி. தூணோரம் அமர்ந்திருக்கும் ஆசிரியை அவர்களே, அன்று நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்ன தம்பி இன்று நிமிர்ந்து பார்த்துக் கைகூப்புகிறான். உங்களுக்கு என் வணக்கம்.